கேசட்டில் பதிந்த ராட்டை

கண்ணாயிரத்தின் முன்னால் பாயில் இரண்டு டேப் மெஷின்கள் இருந்தன. ரேடியோ ரிப்பேர் கடை ஜினதாஸ் நம்பிக்கையின் பேரில் கொடுத்தனுப்பியவை. "ரெண்டுலயும் வாசிச்சுப் பதிஞ்சு பாரு. புடிச்சத வாங்கிக்க, இன்னொண்ண சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுப்பா" என்றிருந்தார். ஒன்று, தூக்கினால் தோள் கழன்றுபோகும், மேலே டேப் சக்கரங்கள் சுற்றும் பழைய ஸ்பூல் பெட்டி. அதற்கு வயரோடு தனி மைக். மற்றது பேட்டரியில் ஓடும் குட்டி ஜப்பான் கேசட் ரெக்கார்டர். மைக் உள்ளேயே இருந்தது.

கட்டையை அழுத்தித் தந்தியை மீட்டும் புல்புல்தாராவைக் கையில் எடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தான் வாசிப்பது சங்கீதமா, தகரத்தைச் சுரண்டுவதா என்று அவனுக்கே தெரியாது. தெரு ஜனங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்களா என்ன? அதனால்தான் இந்த மெஷின் ஆசை. உண்மையைச் சொன்னால், வீட்டிலிருந்த பயத்தை மறக்கவும் அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

பயம் பெண்சாதி வடிவைப் பற்றியது. போன வருஷம் நெஞ்சில் சளி என்று அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டரம்மா காசநோய் என்றார். "ஊசியும் மாத்திரையும் ஒன்றரை வருஷம். நடுவுல நிறுத்தினா திரும்ப வரும். வந்தா லேசுல போகாது." வடிவின் அக்கா அதில்தான் போய்ச் சேர்ந்தாள். நாலு மாதத்தில் இருமல் நின்றது. வடிவும் ஊசியை நிறுத்திவிட்டாள். கேட்டால், "இருமலே இல்ல, இன்னாத்துக்கு ஊசி?" என்பாள். இருமல் இல்லைதான். அவனும் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாயிற்று. ஆனாலும் பயம் போகவில்லை.

முதலில் ஸ்பூல். தன் தறியை நிறுத்திவிட்டு, மைக்கைத் தாராவுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தான். போட்டுக் கேட்டால், அடேயப்பா, தந்தி தந்தியாகக் கேட்டது. பாட்டுக்கு இதுதான் என்று பாதி மனசு முடிவு பண்ணிவிட்டது. நியாயத்துக்காக அதே பாட்டை, பாயில் தள்ளிக் கிடந்த கேசட்டிலும் வாசித்தான். அப்போது உள்ளறையில் வடிவு ராட்டையில், தறியின் குறுக்கே ஓடும் ஊடைநூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. டக்கு டக்கு என்று ஒரே இரைச்சல். தாரா எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. ஓட்டை மெஷினைத் தலையில் கட்டிவிட்டாரே இந்த மனுஷன் என்று ஜினதாஸைத் திட்டினான். பிறகுதான் உறைத்தது. அது தெருத் தறிகளின் சத்தம். பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்தவனுக்கு அது காதில் விழுவதே இல்லை. அந்தத் தெருவில் எந்த நெசவாளியைக் கேட்டாலும் தெரு அமைதியாக இருக்கிறது என்றுதான் சத்தியம் பண்ணுவான். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே காதைக் கிட்டக் கொண்டுபோனான். தறிகளுக்குப் பின்னால் ராட்டை கேட்டது. அது திடீரென்று வேகமெடுத்தது. அந்த வேகத்துக்கு அடியில் ஓர் இருமல், நீளமாக, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு. ராட்டை மெதுவானதும் இருமல் இல்லை. மறுபடி வேகம், மறுபடி இருமல்.

திருப்பித் திருப்பிப் போட்டான். ராத்திரி புழுக்கம் என்று வடிவு பின்கட்டில் போய்ப் படுப்பதும், தறி ஓடாத அமாவாசை தவறாமல் ஓரிக்கையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. தாய்ப்பாசம் என்றல்லவா நினைத்திருந்தான், மடையன்.

"இன்னா மாமா, எது நல்லாருக்குது?" என்று காப்பியோடு வந்தாள் வடிவு.

அவன் பொத்தானை அழுத்தினான். தாராவைக் கேட்டு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ராட்டைய வேகமாச் சுத்தினா உனுக்குக் கேக்காதுன்னு இருந்தேன்" என்றாள்.

"ஏன் வடிவு?"

"ஊசி போட்டா காதுல கொய்ங்குன்னுது, தல சுத்துது. அக்காவும் ஊசி போட்டுக்கினேதான செத்தா? அத அழிச்சிடு மாமா, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"அழிக்கமாட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயும் இருமல் இல்லன்னுதான் சொல்லுவ. டாக்டரம்மா காதுல இதப் போடணும்."

"எனுக்கு பயமா இருக்குது."

"எனுக்கும்தான்."

காலைச் சாப்பாட்டுக்காகத் தெருத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. இருமல் முட்டிக்கொண்டு வர, வடிவு சட்டென்று எழுந்து ராட்டைக்கு ஓடினாள். அவன் முந்திப்போய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கடைசித் தறியும் நின்றது. முந்தானையை வாயில் அடைத்தும் இருமல் அடங்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவள் இருமி ஓய்கிறவரை அவன் சக்கரத்தை விடவில்லை. அப்புறம், ஜினதாஸிடம் திருப்பிக் கொடுக்க ஸ்பூல் பெட்டியை மூடிவைத்தான். பாட்டுக்கு உதவாத கேசட் மெஷினைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"செருப்பப் போட்டுக்கோ வடிவு" என்றான்.