அம்மா பெயருக்கான கட்டம்

எட்டாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நான்தான். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷ குமாஸ்தா. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும். கை அப்படிப் பழகிப்போயிருந்தது.

அது தொண்ணூற்றெட்டு. புனே ஸ்டேஷனில் தனியாக அழுதுகொண்டிருந்த ஒன்பது வயது தர்சினியைப் போலீஸ் கொண்டுபோய்ச் சிறார் இல்லத்தில் விட்டிருந்தது. மன்னாரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவள். கூட்டி வந்த குடும்பம் மும்பை போகிற வழியில் அவளைத் தவறவிட்டுவிட்டது. அவளுக்காக ஆஜரான வக்கீல் சியாமளா தமிழ்ப் பெண்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. பிள்ளையின் பேச்சு பாதிதான் புரிந்தது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அம்மா பெயரைக் கேட்டபோது தர்சினி தரையைப் பார்த்தாள். இரண்டு தரம் கேட்டேன். பிறகு நானே எழுதிவிட்டேன்.

சிறார் நல வாரியத்தின் முன் போய் நிற்கப் பத்து நிமிஷம் இருக்கையில் சியாமளா அதைப் பார்த்துவிட்டார்.

"அங்கிள், ஹே காய்? என்ன இது? அம்மா இல்லைன்னு அவ சொன்னாளா?"

"சொல்லலம்மா, பேசாம இருந்தா. காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாங்கல்லா?"

"அனுப்பட்டும். இப்படிப் போட்டா இவ அனாதை. தத்து லிஸ்ட்ல சேர்த்துடுவாங்க. அப்புறம் அம்மாவை யாரு தேடுவா?"

வேறு படிவம் எழுத நேரமில்லை, அதையே எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

உள்ளே, 'இல்லை'யை அடித்துக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார் சியாமளா. காலிக் கட்டத்தை ஏற்க முடியாது என்று வாரியத் தலைவர் எரிந்து விழுந்தார். சியாமளா நாற்பது நிமிஷம் மராத்தியில் வாதாடினார். குரலும் உயரவில்லை, ஆளும் அசைந்து கொடுக்கவில்லை. ஓர் அதிகாரி முன்னால் என் ஆயுளில் நான் அப்படி நின்றதில்லை. கடைசியில் தலைவர் இறங்கி வந்தார். படகில் வரும் அகதிகளைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் விசாரிக்க முப்பது நாள் அவகாசம். என் 'இல்லை'யை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் தர்சினியிடம் விஷயத்தைச் சொன்னேன். அடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் சட்டையை இழுத்தாள்.

"அடுத்த படகிலை வாறன் எண்டவ. வந்து சேந்தாவோ தெரியேல்லை, அதான் சொல்லேல்லை. அம்மாவின்ரை பேர் யோகேஸ்வரி. எழுதுங்கோ."

சியாமளா தன் பேனாவை நீட்டினார். அடித்த எழுத்துக்கு மேலே விரலகல இடம்தான் மிச்சம். அதில் பொடியாக எழுதினேன். மை காயும்வரை தர்சினி அதன்மேல் ஊதிக்கொண்டே இருந்தாள்.