கண்ணுக்குத் தெரியாமல் போன விமானம்

புலம்பெயர்ந்த நாட்டில் மாசி என்ற ஊருக்குப் பக்கத்திலிருக்கும் விமானத்தளத்தில், பழுது பார்க்க வந்த வெளிநாட்டுக் குண்டுவீச்சு விமானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. ரேடாருக்குத் தெரியாமல் பறப்பதுதான் அதன் வேலை. அன்று வேலையை ஒரு படி கூடுதலாகச் செய்துவிட்டது. கொட்டகைக்குள் அது அப்படியேதான் நின்றது. பன்னிரண்டு அடி உயரத்தில் சிட்டுக்குருவிகள் வெறுங்காற்றில் உட்கார்ந்திருந்தன, அவற்றின் எச்சம் அந்தரத்தில் காய்ந்தது. அதன் தோலுக்கு ரேடார் பூச்சு பூசுகிற நிலானி மூன்று வாரம் கையால் தடவித் தடவியே மிச்ச வேலையை முடித்தாள்.

யுத்த காலத்தில் மன்னாரில் அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது குண்டு போடும் விமானம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று எல்லோருக்கும் முன்பு சொல்கிறவள் அவள்தான். அவள் கை காட்டியதும் ஊர் மண்ணில் வெட்டிய பங்கருக்குள் இறங்கும். ஒருநாள் அவளுடைய தம்பி மட்டும் செருப்பெடுக்கத் திரும்பி ஓடினான். அதனால் அவளுடைய அப்பா செல்வரத்தினத்துக்கு மகளின் உத்தியோகம் பிடிக்கவில்லை.

"உந்தச் சாமானுக்கே பிள்ளை மருந்து பூசுறாய்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

பரீட்சைப் பறப்புக்கு இரண்டு விமானிகள் ஏறிப் போனார்கள். மேலே போனபிறகு உள்ளேயிருந்த கருவிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன, வானொலி மட்டும் வேலை செய்தது. மேகம் கடல்வரை இறங்கியிருந்தது. எரிபொருள் நாற்பது நிமிடத்துக்கு இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் வேறு வழி தெரியாமல், பார்க்காமலே அந்த விமானத்தில் வேலை செய்த நிலானியைக் கூப்பிட்டார்கள்.

அவள் கையில் வானொலியோடு ஓடுபாதையின் முனையில் நின்று கண்ணை மூடினாள். சத்தம் வந்தது. இங்கே இல்லாத பங்கரைத் தேடிக் கால்கள் தாமாகத் திரும்பின. வானொலியில் விமானிகளில் ஒருவன், எங்கே இருக்கிறோமென்று யாராவது சொல்லுங்கள் என்றான். குரல் சின்னப் பையனுடையதுபோல உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் இடம், வலம், இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே போனாள். ஈரப்புல் இரண்டு பக்கமும் சாய்ந்தது, ஓடுபாதையில் ரப்பர் கருகிய கோடு விழுந்தது. காற்றுக்குள்ளிருந்து இரண்டு பேர் ஏணியில் இறங்கி வந்தார்கள்.

உள்ளே குண்டு இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இன்றைக்கு இல்லை என்றான் வானொலியில் பேசியவன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நீயே இறக்கினாய்?"

"ஓம். உள்ளுக்கு ரெண்டு பேர் இருந்தவை, அப்பா."

அவர் கறிச்சட்டியை அவள் பக்கம் தள்ளி, "சரி, சாப்பிடு" என்றார்.

பறக்கத் தகுதியானதென்று கையெழுத்துப் போட யாரும் முன்வராததால் விமானம் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் நிற்கிறது. கொட்டகையைக் கடக்கிறவர்கள் நடுவில் வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஏனென்று கேட்பதில்லை. முதல் வாரத்திலேயே நெற்றியில் ஒரு தரம் இடித்துக்கொள்வதால் அதற்குத் தேவை வருவதில்லை.