கியோட்டோவில் நின்ற மிச்சம்

அப்பா டென்மார்க் கப்பல் ஒன்றில் சமையல்காரர். கப்பல் பழுதுபார்க்க ஒசாக்காவில் நின்றபோது, லீவு கிடைத்த ஒரு நாளில் கியோட்டோவின் பழைய கோவில்களைப் பார்க்கப் போனார். ஒரு கோவில் படியில் மாரடைத்து விழுந்தார். கம்பனி அம்மாவுக்கும் எனக்கும் விமானச் சீட்டு எடுத்துத் தந்தது. 1985 ஐப்பசி அது.

உடலை டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹோர்சன்ஸுக்குக் கொண்டுவர நெடுநாள் ஆகும் என்றார்கள். சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே சண்டை. கியோட்டோவிலேயே எரிக்க அம்மா சம்மதித்தார். சாம்பலை முழுதாக அள்ளி வந்து அவரை ஒரே இடத்தில் கரைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய எண்ணம்.

கியோட்டோவில் டாக்சியின் கதவு தானாகத் திறந்தது. அம்மா பயந்து என் கையைப் பிடித்தார். தெருவெங்கும் மின்கம்பிகள், குளிர்பானம் தரும் இயந்திரங்களுக்குப் பின்னால் கறுத்த ஓட்டுக் கூரைகள். பட்டு உடுத்த ஒரு பெண் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே மரச்செருப்போடு நடந்து போனாள். இதைப் பார்க்கத்தான் இவர் வந்தவரோ என்று அம்மா கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே போவதற்கு வேறு யாரும் இல்லை. அந்த இடம் புது ஆஸ்பத்திரி போலப் பளபளத்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் குனிந்து வணங்கி, எலும்புகள் கிடந்த தட்டை எங்கள் முன்னால் வைத்து, சாப்பிடும் குச்சிகளை விட நீளமான குச்சிகளைத் தந்தார். கம்பனி அனுப்பிய கிமுரா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குச் சொன்னேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைத் தூக்க வேண்டும். கால் எலும்பில் தொடங்க வேண்டும். அப்போதுதான் அப்பா சாம்பல் குடுவைக்குள் நிமிர்ந்து இருப்பார். அம்மாவின் கைக்குக் குச்சி பிடிபடவில்லை. எலும்பு இரண்டு தரம் நழுவியது.

கடைசியாகத் தொண்டை எலும்பை வைத்ததும் கையுறைக்காரர் குடுவையை மூடினார். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

“மிச்சம்?” என்றார் அம்மா.

கியோட்டோவில் இவ்வளவுதான் எடுப்பார்களாம், கிமுரா சொன்னார். மிச்சத்தை அவர்களே மரியாதையாகப் புதைப்பார்களாம்.

“எனக்கு முழுக்க வேணும் எண்டு சொல்லு பிள்ளை.”

கிமுராவிடம் சொன்னேன். கிமுரா கையுறைக்காரரிடம் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை விரித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கையுறைக்காரர் அதைப் பார்த்தார். இன்னும் ஆழமாகக் குனிந்து வணங்கினார். பிறகு தட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கன்று, நித்தியானந்தன் மாமா எங்களை ஹோர்சன்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் சிநேகிதர் அவர். தேவாரம் பாடி முடித்து, காற்சட்டையை மடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, குடுவைக்காகக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

“அக்கா, இருக்கிறதைக் கரைப்பம். கடல் எல்லாம் ஒண்டுதானே.”

“எல்லாம் ஒண்டெண்டால் அவரின்ரை மிச்சம் ஏன் அங்கை கிடக்குது? அரை மனிசனைக் கரைச்சுப்போட்டு நான் எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுறது?”

மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு கரையேறினார். அலையடித்து அவருடைய காற்சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது.

“உமக்கு வீண் கரைச்சல் தந்துபோட்டன், தம்பி” என்றார் அம்மா.