லாம்பெரின் தோற்காத முறை

மொனாக்கோவில் பிறந்தவனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊர் நடுவில் நிற்கும் காசினோவில் அவன் வேலை பார்க்கலாம், தரை துடைக்கலாம், விளக்கு மாற்றலாம். ஒரு பிராங்க் வைத்து ஆடக் கூடாது. வெளியூர்க்காரன் தோற்கட்டும், நம்மவன் பிழைக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்தது. அந்தச் சட்டத்தின் தயவில் ஊரில் யாரும் ஆடிக் கெட்டதில்லை. ஆனால் வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. ஆடவே வழியில்லாதவன் எல்லாம் ஆட்டத்தை ஜெயிக்க வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். மீன்காரனிடம் ஒரு முறை, தபால்காரனிடம் ஒரு முறை. பாதிரியாரிடம்கூட ஒன்று இருப்பதாகப் பேச்சு.

எல்லாவற்றிலும் உசத்தி தன்னுடையதுதான் என்று நம்பினான் லாம்பெர். துறைமுகத்துச் சந்தைக்குப் பக்கத்தில் சவரக்கடை வைத்திருப்பவன். அவன் முறை இதுதான்: உருண்டை ஓடும் ரூலெட் சக்கரத்தில் ஒரே நிறம் தொடர்ந்து நான்கு தரம் விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில். கறுப்பு நான்கு தரம் வந்துவிட்டதா, சிவப்பில் ஒன்று வை. போனால் இரண்டு, அதுவும் போனால் நான்கு, பிறகு எட்டு. என்றைக்கிருந்தாலும் சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் போனதெல்லாம் திரும்பி, மேலே ஒன்று கையில் நிற்கும். காசினோவில் விழுந்த எண்களையும் நிறங்களையும் அச்சடித்துத் தாளாக விற்பார்கள். அதை வாங்கி வந்து, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பென்சிலால் ஆடிப் பார்ப்பான். பல வருஷமாக ஒரு நாளும் தோற்றதில்லை. பென்சில் கணக்குப்படி அவனுக்கு இந்நேரம் கடலைப் பார்த்து ஒரு மாளிகை இருக்க வேண்டும்.

இருந்ததோ ஒரு சவர நாற்காலி, ஒரு மனைவி, ஒரு படகு. மனைவி பெயர் தெவோத். படகுக்கும் அதே பெயரைத்தான் எழுதியிருந்தான். "இதாவது சொன்ன பக்கம் திரும்பும்" என்பான், அவள் காதில் விழும்படி.

அந்தப் படகில் ஞாயிறுதோறும் அவனோடு மீன்பிடிக்கப் போகிறவன் பச்சின். எல்லைக்கு அந்தப் பக்கம் வென்டிமிலியாவில் கார்னேஷன் பூத் தோட்டம் வைத்திருக்கும் இத்தாலியன். வியாழக்கிழமை பூக்கூடைகளோடு சந்தைக்கு வருவான். மனைவி காலமான பிறகு அந்தத் தோட்டத்து வீட்டில் அவன் தனி ஆள். இத்தாலியன் என்பதால் காசினோவுக்குள் அவனைத் தடுக்க யாரும் இல்லை. ஆக, மூளை லாம்பெருடையது, பாஸ்போர்ட் பச்சினுடையது. வியாழக்கிழமை பூ விற்று முடித்ததும் கடைக்கு வந்து சவரம் செய்துகொள்வான். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் அவனுக்கென்றே ஒரு நீல டை தொங்கும். அதைக் கட்டிக்கொண்டு, லாம்பெர் கொடுத்த பணத்தோடு மேட்டில் ஏறுவான். ஊர்க்காரர்கள் காசினோ என்று சொல்வதில்லை, 'மேலே' என்றுதான் சொல்வார்கள். மேலே போய்விட்டுத் திரும்பினால், பின்கட்டில் தெவோத்தின் சாப்பாடு.

ஏழெட்டு வியாழக்கிழமைகளாக முறை ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதில்தான் பச்சினுக்குச் சிக்கல்.

ஏனென்றால் அது ஒரு தரம்கூட ஜெயிக்கவில்லை. முதல் வியாழக்கிழமை லாம்பெர் சொன்னது சொன்னபடி ஆடினான். கறுப்பு நான்கு தரம் வந்தது, சிவப்பில் வைத்தான். மறுபடி கறுப்பு. அதற்குமேல் வைக்க வைக்கக் கறுப்புதான். மேசையில் காசைக் கட்டையால் வாரி இழுக்கிற ஆள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முழுப் பணமும் மளமளவென்று போயிற்று. சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கி வந்தான். ஆனால் லாம்பெர் தோளில் துண்டோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான், திருவிழாவுக்குக் கூட்டிப் போவார்கள் என்று காத்திருக்கிற குழந்தை மாதிரி. அந்த முகத்தைப் பார்த்ததும் பச்சினின் வாய் தானாக "ஜெயிச்சாச்சு" என்றது. கை பூ விற்ற பணத்தை எடுத்து நீட்டியது.

அதற்குப் பிறகு அவன் உள்ளேயே போகவில்லை. டையைக் கட்டிக்கொண்டு காசினோ தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பான். பொழுது சாய்ந்ததும் லாம்பெரின் பணத்தோடு தன் பணத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். பொய் சொன்னோம் என்று உறுத்தாமல் இல்லை. ஆனால் பொய் முடிந்தால் டை முடிந்தது, சவரம் முடிந்தது, வியாழக்கிழமைச் சாப்பாடும் முடிந்தது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த வியாழக்கிழமை லாம்பெர் அவனை நாற்காலியில் சாய்த்து, முகம் முழுக்க நுரை பூசிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான்.

"டேய் பச்சின், படகை வித்தாச்சுடா."

பச்சின் எழுந்திருக்கப் பார்த்தான். லாம்பெர் நெற்றியில் கை வைத்து அழுத்தினான்.

"ஆடாதே, கத்தி இருக்கு. பக்கத்து ஊர் மாந்தோன்ல இருக்கற மருந்துக்கடைக்காரன் சனிக்கிழமை பணத்தோட வரான். இத்தனை நாளும் சில்லறையை வச்சு ஆடினோம், சில்லறை வந்துச்சு. இனிமே பெரிசா வைப்போம். ஒரே மாசம். ஒண்ணுக்கு ரெண்டு படகு வாங்கிடலாம். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"எனக்கு எதுக்குடா தனிப் படகு?" என்றான் பச்சின். "ரெண்டு படகுல போனா யார்கூடப் பேசறது?"

"பக்கத்துல பக்கத்துல போவோம், கழுதே."

கத்தி கன்னத்தில் இறங்கி ஒரு பக்கத்தை வழித்தது. பச்சின் கண்ணை மூடிக்கொண்டான். படகு போவதா, வியாழக்கிழமை போவதா என்று யோசித்துப் பார்த்தான். எதுவும் போக வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. கடைசியில், கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"லாம்பெர், கத்தியைக் கீழ வை."

"ஏன், கீறிடுச்சா?"

"கீழ வைடா. உன் முறை ஜெயிக்கலை. முதல் நாளே மொத்தமும் போச்சு. நான் அதுக்கப்புறம் உள்ளேயே போகலை. உனக்குக் குடுத்ததெல்லாம் பூ வித்த காசு."

பின்கட்டுக் கதவில் தெவோத் வந்து நின்றாள். கையில் வெள்ளை மொச்சைப் பாத்திரம், ராத்திரி சூப்புக்கு.

"அப்பாடா," என்றாள். "சொல்லிட்டியா? நீ சொல்லுவேன்னு நானும் எத்தனை வியாழக்கிழமைதான் காத்திருக்கறது?"

"உனக்குத் தெரியுமா?" இரண்டு ஆண்களும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"மேலேருந்து வர்ற நோட்டு மடிப்புக் கலையாம இருக்கும். இவன் கொண்டு வர்றது நனைஞ்சிருக்கும், பூ வாசம் அடிக்கும். இந்த மனுஷன் அதைக் கொண்டையூசி குத்தி வெயில்ல காயப்போடுவான். ஏன்டா ஈரம்னு ஒரு நாளாவது கேட்டானா?"

"சந்தோஷத்துல இவனுக்குக் கை வேர்த்திருக்கும்னு நினைச்சேன்," என்றான் லாம்பெர். அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அந்த முறையைக் கண்டுபிடித்தவன் ஆயிற்றே, சட்டென்று விட்டுவிடுவானா? நிமிர்ந்தான்.

"சரி, நீ தப்பா ஆடியிருப்பே. அவசரப்பட்டிருப்பே. உனக்குத் தூண்டில்லயே பொறுமை கிடையாது. காகிதத்துல இத்தனை வருஷம் தோத்ததில்லையே, அது எப்படி?"

"அப்படின்னா இப்ப ஆடு," என்றாள் தெவோத். "இங்கயே, என் முன்னாடி."

லாம்பெரைத் தரையில் உட்கார வைத்து, மொச்சையில் ஒரு பங்கை அவன் முன்னால் கொட்டினாள். "இது உன் படகு." மீதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இது காசினோ." அலமாரியில் குவிந்திருந்த எண் தாள்களில் கைக்கு வந்த ஒன்றை உருவி, சந்தை விலை படிப்பதுபோல் படிக்க ஆரம்பித்தாள். பச்சின் ஒரு கன்னத்தில் நுரையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் எல்லாம் லாம்பெர் பக்கம்தான். நான்கு கறுப்புக்குப் பின் சிவப்பு, நான்கு சிவப்புக்குப் பின் கறுப்பு. ஒவ்வொரு மொச்சையாக அவன் குவியல் ஏறியது. ஒரு தரம் பூஜ்யம் விழுந்தது. பூஜ்யம் விழுந்தால் பந்தயத்தை உடனே பறிப்பதில்லை, 'சிறை'யில் வைப்பார்கள். அடுத்த சுற்றில் நிறம் சரியாக வந்தால் விடுதலை, வராவிட்டால் போனது போனதுதான். லாம்பெரின் மொச்சை விடுதலையாகி வந்தது.

"பார்த்தியா? தூக்குல போடாம ஜெயில்ல வைக்கிறான். எவ்வளவு நல்ல மனசு!"

"அந்த நல்ல மனசு சம்பாதிக்கற காசுலதான் நம்ம தெரு விளக்கு எரியுது," என்றாள் தெவோத். "நீ அவனை ஜெயிச்சுட்டா ஊரே இருட்டு. நுனிக்கொம்புல உக்காந்து அடிக்கொம்பை வெட்டறவனுக்குக் கத்தி வேற. கறுப்பு."

"திட்டு, திட்டு. படிக்கறதை நிறுத்தாதே," என்றான் லாம்பெர்.

"கறுப்பு. கறுப்பு. கறுப்பு."

லாம்பெர் சிவப்பில் ஒரு மொச்சை வைத்தான். கறுப்பு. இரண்டு வைத்தான். கறுப்பு. நான்கு. கறுப்பு. எட்டு வைத்தபோது பூஜ்யம் வந்து, எட்டும் சிறைக்குப் போய், அடுத்த கறுப்பில் அங்கேயே செத்தன. லாம்பெர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டே?"

"இந்த மாதிரி ஓடறப்போ நான் எழுந்து போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வருவேன். திரும்பி வந்து அடுத்த இடத்துலேருந்து ஆரம்பிப்பேன். புத்தி உள்ளவன் யாருமே இந்த இடத்துல..."

சொல்லும்போதே அவன் காதிலேயே அது விழுந்துவிட்டது போலும். பாதியில் நிறுத்தினான். பச்சினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; அடக்கப் பார்த்து நுரையை விழுங்கிவிட்டான்.

"காகிதத்துல காப்பி உண்டு லாம்பெர்," என்றான் இருமிக்கொண்டே. "அங்க கிடையாது. வச்சது போயிடும். இனிமே காப்பி குடிச்சா என்ன, விஷம் குடிச்சா என்ன?"

"இத்தனை கறுப்பு வந்தப்புறம் சிவப்பு வந்தே ஆகணும்டா! அந்த உருண்டைக்கு ஒரு நியாயம் வேண்டாமா?"

"நேத்து நான் வெங்காயம் வாங்கி வரச் சொன்னது உனக்கே ஞாபகம் இல்லே," என்றாள் தெவோத். "அந்த உருண்டைக்கு முன்னாடி விழுந்ததெல்லாம் ஞாபகம் இருக்குமாக்கும். உக்காரு. ஆடு."

உட்கார்ந்தான். ஒரு கைப்பிடி வைத்தான். கறுப்பு. இரண்டு கையாலும் அள்ளி வைத்தான். கறுப்பு. அவன் முன்னால் தரைப்பலகை மட்டும் மிச்சம் இருந்தது. தள்ளி உருண்டிருந்த ஒரு மொச்சையைக் குனிந்து எடுத்து, அதை வைக்கவும் மனமில்லாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகு போச்சு," என்றாள் தெவோத். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "அடுத்து எதை வைக்கறே? கடையையா? இந்த நாற்காலியையா?"

லாம்பெர் நாற்காலியைப் பார்த்தான். அதில் ஒரு கன்னம் வழித்து, மறு கன்னத்தில் நுரை காய்ந்து, பச்சின் உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் கார்னேஷன் தண்டின் பச்சைக் கறை. வாரா வாரம் பூ விற்ற காசைத் தன்னிடம் கொடுத்துவிட்டு, இந்த மனிதன் வென்டிமிலியாவுக்கு எதை எடுத்துக்கொண்டு போனான்? அதைக் கேட்கத்தான் லாம்பெர் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இத்தனை வியாழக்கிழமையும் பெஞ்சுல உக்காந்திருந்தியாடா? குளிர்ல?"

"வெயில் இருக்கும், அந்தப் பக்கம்."

"மழை பெஞ்ச அன்னிக்கு?"

பச்சின் நாற்காலிக் கையில் ஒட்டியிருந்த நுரையை விரலால் துடைத்தான்.

லாம்பெர் இழுப்பறையைத் திறந்தான். ஜெயித்ததாக நம்பிய நோட்டுகள் எல்லாம் கொண்டையூசியோடு அப்படியே இருந்தன, ஒன்றுகூடச் செலவழிக்கவில்லை. அவற்றை எடுத்து, ஆணியில் மாட்டியிருந்த பச்சினின் கோட்டுப் பையில் திணித்தான். பச்சின் வாயைத் திறந்தான்.

"பேசாதே. கத்தி இருக்கு," என்றான் லாம்பெர். புதிதாக நுரை அடித்து, மிச்சக் கன்னத்தை மெதுவாக, எந்த வாடிக்கைக்காரனுக்கும் காட்டாத பொறுமையோடு வழித்தான். "படகு விக்கலைன்னு மருந்துக்கடைக்காரனுக்கு நாளைக்கே ஆள் சொல்லி அனுப்பறேன். திட்டுவான். திட்டட்டும்."

சவரம் முடிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சின் எழுந்தான். பழக்கத்தில் கை ஆணிக்குப் போய், நீல டையைத் தொட்டுவிட்டு, சுட்டாற்போல் பின்வாங்கியது.

"இதைக் கழட்டி வச்சுடு," என்றான். "எனக்கு இனி மேலே போற வேலை இல்லையே." சாதாரணமாகச் சொல்லத்தான் முயன்றான், முடியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

லாம்பெர் வழியை மறித்துக்கொண்டு நின்றான். டையை ஆணியிலிருந்து எடுத்து, பச்சினின் சட்டைக் காலரைத் தூக்கி, தானே அவன் கழுத்தில் போட்டு முடிச்சை இறுக்கினான்.

"மேலே போகலைன்னா என்ன? மேசைக்கு வா."

பின்கட்டில் தெவோத் ஏற்கெனவே மடியில் ஜெயித்த மொச்சையைக் களைந்து பானையில் போட்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"லாம்பெர், கையில ஒண்ணு வச்சிருக்கியே, அதையும் குடு. வியாழக்கிழமைன்னா மூணு பேருக்கு ஆக்கணும்."