பெயர் அழிந்த அறைகள்

விடிந்ததுமே அளந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இரும்பு டேப் கையைச் சுடும். கண்டரமாணிக்கத்துக்கு வெளியே, கருவேல முள் வெட்டிப் போட்ட மனை. ஆரோக்கிய ஷீலா டேப்பின் நுனியை மூலைக்கல்லில் அழுத்திக் குந்தியிருந்தாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு ரோகிணி செம்மண் சகதியில் நடந்தாள். செருப்பு சேற்றில் ஒட்டியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நடுவைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. டேப் தொய்ந்து மண்ணில் கிடந்தது. இத்தனை வருஷமும் அந்த நடுவைப் பிடித்தவன் கண்ணன்.

"இழுத்துப் பிடி ரோகிணி. தொய்வா அளந்தா சுவரு பக்கத்து மனைக்குப் போயிரும்."

"போகட்டுமேக்கா. கோர்ட்டு கேஸுக்கும் நம்மளே படம் போட்டுக் குடுக்கலாம்."

சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். அது கண்ணனின் பேச்சு.

காரைக்குடியில் ஒரு மாடியில் இருந்தது கோபிநாத்தின் ஆபீஸ். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் இடம். மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர்: ஷீலா, ரோகிணி, கண்ணன். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. வரைகிற சாப்ட்வேர் பல வருஷமாக இலவசம். சித்திரையில் ஒரு காலை திரையில் அறிவிப்பு வந்தது. இனி மாதச் சந்தா. கட்டாவிட்டால் பழைய படங்களைத் திறந்து பார்க்கலாம். ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது.

"கொத்தனாரு கரண்டிய அவருதான வாங்குறாரு?" என்றார் கோபிநாத். "உங்க சாமான நீங்கதான் வாங்கணும்."

"கொத்தனாரு கரண்டி மாசாமாசம் வாடக கேக்காது சார்," என்றான் கண்ணன்.

இலவசமாக இன்னொரு சாப்ட்வேர் இருக்கிறது, பழகிக்கொள்ளலாம் என்றாள் ஷீலா. தேடிப் பார்த்து வைத்திருந்தாள். பழகுகிற நாட்களில் வேலை நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டார் கோபிநாத். பிறகு கண்ணன் பக்கம் குனிந்தார்.

"எங்குட்டாச்சும் திருட்டுக் காப்பி கெடைக்கும்ல. பாத்து ஏத்தி விடுப்பா."

பெண்கள் இருவர் காதிலும் விழுந்தது.

கண்ணன் ஏற்றினான். ஆடியில் அந்த சாப்ட்வேர் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கோபிநாத் மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் அந்த சாப்ட்வேரை அடியோடு அழிக்கச் சொன்னார். அழித்து முடித்ததும், "யாரக் கேட்டு ஏத்துன?" என்றார். கண்ணன் திரும்பி ஷீலாவைப் பார்த்தான். ஷீலா கீபோர்டைப் பார்த்தாள்.

அன்றே அவன் வேலை போனது. போகும்போது கண்ணன் ஒன்றுதான் கேட்டான்.

"அந்தப் படத்த மட்டும் எடுத்து வைங்கக்கா."

அது அவன் வீட்டுப் படம். இடம் வாங்கவில்லை. வீட்டை மட்டும் வரைந்துவிட்டார்கள், அவனும் மனைவி சத்தியப்பிரியாவும். தையல் கடையை அடைத்துவிட்டு அவள் ஆபீசுக்கு வருவாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஜன்னலை இங்குட்டுத் தள்ளு என்பாள். தள்ளுவான். அறைகளின் பெயர்களை அவளே தட்டினாள், ஒற்றை விரலால். போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் வேலை முடிந்ததும் அந்தப் படத்தைத் திறப்பான். எதையும் மாற்ற மாட்டான்.

கண்ணன் போனபின் இவர்கள் தாளில் பென்சிலால் வரைந்தார்கள். கையால் போட்ட படத்துக்குப் பாதிக் கூலி.

அன்று மனையை அளந்துவிட்டுச் சேற்றுக் காலோடு ஆபீஸ் திரும்பியபோது கோபிநாத் காத்திருந்தார்.

"நாளைக்கு அந்தக் கம்பெனி ஆளு வாரான். கண்ணன் தன்னிஷ்டத்துக்கு ஏத்துனான்னு ரெண்டு பேரும் சொல்லிருங்க. உங்க ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் வாங்கித் தாரேன். கூலில பிடிக்க மாட்டேன்."

"கண்ணனுக்கு?"

"ஆம்பளப் பய. எங்குட்டாச்சும் பொழைச்சுக்குவான்."

"நாங்க சொல்லாட்டி?"

"ஷட்டர எறக்கிட்டுப் போவேன். எனக்கு வேற தொழில் இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

அன்று மாலை ரோகிணியின் பழைய லேப்டாப்பில் இலவச சாப்ட்வேரை ஏற்றினார்கள். கையில் இருந்தது கண்ணனின் படம்தான். அதையே திறந்தார்கள். சுவர்கள் வந்தன. கதவுகள் வந்தன. கோடுகள் சொன்னபடி நகர்ந்தன.

எழுத்து வரவில்லை. அந்தப் பழைய தமிழ் எழுத்துரு இதற்குத் தெரியவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு அறையின் நடுவிலும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. சத்தியப்பிரியா தட்டிய ஒரு சொல்லும் இல்லை.

"தெனமும் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்," என்றாள் ஷீலா. "எது எந்த ரூமுன்னு எனக்குத் தெரியலயேடி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காலையில் இருவரும் கண்ணன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"விடுங்கக்கா. உங்க வேலையும் போயிரும்."

"அன்னைக்கி கீபோர்டப் பாத்தேன். இன்னைக்கி கம்பெனி ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லப் போறேன். சட்டையப் போடு."

மாடியில் கம்பெனி ஆள் உட்கார்ந்திருந்தான். மூவரும் நுழைந்ததும் கோபிநாத் எழுந்தார்.

"இவன எதுக்குக் கூட்டியாந்தீக?"

"சார் சொல்லித்தான் கண்ணன் ஏத்துனான்," என்றாள் ஷீலா. "நான் என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன்," என்றாள் ரோகிணி.

கோபிநாத் படிக்கட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"வெளிய போங்க. மூணு பேரும்."

"படியிலதான் இருப்போம் சார். கூப்பிட்டா மூணு பேரும் வருவோம். இந்த இலவசத்துலயே வரைவோம். பழைய கூலி வேணும்."

கோபிநாத் கதவைச் சாத்தினார். படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ரோகிணி லேப்டாப்பைத் திறந்து கண்ணன் மடியில் வைத்தாள். அவன் கேள்விக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ சொல்லு. நான் தட்டுறேன்," என்றாள் ஷீலா.

"அது அடுப்படி."

தட்டினாள்.

"பக்கத்துல பிள்ளைக ரூம்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஷீலா தட்டினாள்.

கீழே காலடி கேட்டது. அடுத்த தெரு ஆபீசில் படம் போடும் அந்தோணி பிரபு. பின்னால் இன்னும் சிலர். ஷீலா பேசியது கீழே டீக்கடை வரை கேட்டிருந்தது.

"எங்காபீஸ்லயும் சந்தாவ எங்க கூலிலதான் பிடிக்கிறாகக்கா. இத எங்களுக்கும் சொல்லித் தருவீகளா?"

"உக்காருங்க. நாங்களே நேத்துத்தான் ஆரம்பிச்சோம்."

லேப்டாப்பில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தோணி பிரபு கீழே டீக்கடையில் கேட்டு ஒயர் இழுத்து வந்தான். எட்டவில்லை. படிகளில் தொய்ந்து கிடந்தது. கண்ணன் லேப்டாப்பை ஷீலாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். நாலு படி இறங்கி, ஒயரின் நடுவைத் தூக்கிப் பிடித்தான்.

எட்டியது.

"இந்தச் சின்ன ரூமு என்னடா தம்பி?"

"மிஷின் வைக்கிற எடம்," என்றான், பிடித்த கையை இறக்காமல். "சத்தியா தையல்னு போடுங்கக்கா."