கப்பலுக்குப் பாடிய பாட்டு

டெரன்சுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. நாற்பது முடிந்தவனைப் பயணிகள் கப்பலில் பாட எடுக்க மாட்டார்களாம். குரல் என்ன மீனா, நாள்பட்டால் கெட்டுப்போக? ஆனாலும் சட்டம் அவர்களுடையது. இன்றைய தேர்வை விட்டால் அவனுக்குக் கப்பல் கிடையாது.

பதினான்கு வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிடாரைத் தொட்டவன் அவன். கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு, துக்க வீடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான். சேர்ந்திருந்த கச்சேரிக் குழு கலைந்தது. ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே நின்று பாடினான். அங்கேயும் ஸ்பீக்கரை வைத்துவிட்டார்கள். போன வருடம் துறைமுகத்தில் கண்டெய்னர் எண் எழுதித்தான் வீட்டில் உலை கொதித்தது. அதிலும் ஆள் குறைத்துவிட்டார்கள். இனி அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

ஏஜென்ட் ஆபீஸ் மாடியில், அங்கே வேலை பார்க்கும் சிவப்பிரகாஷ் அவனை மைக்குக்கு முன் நிறுத்தினான். சுவரில் இருந்த திரையில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் கம்பெனி அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே படிக்கட்டில் டெரன்சின் மனைவி விஜிலா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக வீட்டில் அதே ஆங்கிலப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே அவளுக்கும் மனப்பாடம்.

“ரெண்டே தடவதான்ணே. பதறாம பாடுங்க” என்றான் சிவப்பிரகாஷ்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சரணத்தை அருமையாகப் பாடினான். பல்லவி வந்தது. பாவி மனுஷன், மைக்கை விட்டு ஓர் எட்டுப் பின்னால் போய், மோவாயைத் தூக்கித் தலையாட்டினான்! இருபத்தைந்து வருடப் பழக்கம். கோயிலில் அவன் தலையாட்டினால் ஐந்நூறு பேர் பல்லவியை எடுப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள் எடுக்க? கிடாரும் ஏ.சி.யும்தான் கேட்டன.

“ஏன் நிறுத்திவிட்டார்?” என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

டெரன்ஸ் மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மாதாவே, இந்த ஒரு தடவை மட்டும் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு மறுபடி தொடங்கினான். பல்லவி வந்தபோது உதட்டை மைக்கோடு ஒட்டிவைத்து, விடாமல் எடுத்தான். எடுத்த அதே நொடியில் கதவுக்கு வெளியிலிருந்து விஜிலாவும் எடுத்தாள். பூசையில் பாடுகிற மாதிரி, தொண்டை கிழிய, கடைசி வரி வரைக்கும்.

திரையில் அந்த அம்மாள் சிரித்தாள். நன்றி சொன்னாள். திரை அணைந்தது.

“சார், இன்னும் ஒரே ஒரு தடவ. ஒங்க கால்ல விழுதேன் சார்!” என்று சிவப்பிரகாஷிடம் கெஞ்சினான் டெரன்ஸ்.

“தனியாப் பாடுற ஆளுதான் வேணும்னு முதல்லயே சொன்னாங்கண்ணே. லைனக் கட் பண்ணிட்டாங்க. நான் என்ன செய்ய?”

கிடாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

விஜிலா முகமெல்லாம் பூரிப்பாக எழுந்தாள். “முதல்ல ஒங்க சத்தத்தையே காணலையா, தொண்ட அடச்சிட்டுன்னு உயிரே போயிட்டு எனக்கு. அதான் ரெண்டாவது தடவ நானும் சேந்து தூக்கிவிட்டேன். நல்லா வந்துச்சுல்லா?”

“ஏளா, நல்லா வந்துச்சு.”

“எப்போ வரச் சொன்னாவ?”

“சொல்லி அனுப்புவாவளாம்.”

அவள் அங்கேயே படியில் முழங்காலிட்டு, சிலுவை போட்டு, மாதாவுக்கு வாய்விட்டு நன்றி சொல்லத் தொடங்கினாள். முடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமென்” என்றான் டெரன்ஸ்.