இந்த ஆண்டுப் பூங்கா: மனை எண் ஒன்பது

இந்தக் கதையில் வரும் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. செங்கமல நகரில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்த ஒருவர் சொன்னது இது. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவருக்கே நிச்சயமில்லாத இடங்களை விட்டுவிட்டேன்.

செங்கமல நகரில் ஆண்டுக்கு ஒரு வீடு பூங்காவாக இருக்கும்.

மனை பிரித்தபோது பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கு விட்டிருக்க வேண்டும். பிரித்தவர் அதையும் மனைகளாக்கி விற்றுவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தில் மட்டும் பச்சையாக ஒரு கட்டம் இருந்தது. அது எங்கே என்று நகரமைப்பு அலுவலகம் கேட்டு எழுதியபோது, குடியிருப்போர் நலச் சங்கம் கூடிப் பேசி, பூங்கா இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று பதில் போட்டது. அலுவலகம் ஏற்றுக்கொண்டது. என்றைக்கு ஆய்வுக்கு வந்தாலும் நகருக்குள் எங்காவது ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அதன்படி, தை மாதப் பொதுக்குழுவில் ஒரு வீட்டைத் தீர்மானிப்பார்கள். அந்த வீட்டு கேட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துப் பலகை மாட்டுவார்கள். காலை ஐந்து மணிக்குத் திறப்பு, இரவு எட்டு மணிக்கு மூடல். பூக்களைப் பறிக்கக் கூடாது. சமைத்து உண்ணக் கூடாது. படுத்து உறங்கக் கூடாது. மூடிய பிறகு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர்கள் ஓராண்டுக்குச் சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் தூங்குவார்கள். மாடிக்குச் சுழல் படிக்கட்டு, இரும்பில் செய்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற முடியும்.

மனை எண் ஒன்பது ரெஜினாவின் வீடு. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளும் அப்பா சவரிமுத்துவும் மட்டும். சவரிமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கையும் காலும் விழுந்துபோய், முன்னறைக் கட்டிலில் படுக்கையாக இருந்தார். ராத்திரி இரண்டு தடவை தண்ணீர் கேட்பார். ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

அந்த ஆண்டுப் பொதுக்குழுவில் முதலில் நான்காம் குறுக்குத் தெருவின் வேகத்தடை பற்றிப் பேசினார்கள். பிறகு எரியாத தெருவிளக்குகள். பிறகு பூங்கா. செயலாளர் தில்லைநாயகம் மனை எண்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். ஒன்பது என்று சொன்ன நேரத்தில் ரெஜினா கையைத் தூக்கினாள். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லத்தான் தூக்கினாள். உரிமையாளரே சம்மதம் தெரிவித்தார் என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். கையைத் தூக்கியது உண்மை. அந்த நேரத்தில் மனதுக்குள் வேறு எந்த எண்ணமும் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. அதனால் மறுப்புக் கடிதம் எழுதவில்லை.

பூங்கா திங்கட்கிழமை திறந்தது. நடப்பவர்கள் வாசல் வழியாக வந்து, முன்னறையில் கட்டிலைச் சுற்றி, சமையலறை போய், கொல்லைக் கதவில் திரும்பி மறுபடி வாசலுக்கு வந்தார்கள். ஒரு சுற்றுக்கு அறுபத்திரண்டு அடி. சர்க்கரை வியாதிக்கு நல்ல நீளம் என்றார்கள். சவரிமுத்துவுக்குப் பொழுது போயிற்று.

"குணவதி, பதினெட்டுதான் ஆச்சு. இருபதுன்னு வீட்டுல போய் பொய் சொல்லாத."

"அண்ணே, நீங்க எண்ணுறதுல ரெண்டு எப்பவும் கொறையுது," என்பார் எதிர்வீட்டுக் குணவதி, நடந்துகொண்டே.

"எனக்கு விழுந்தது கையும் காலும்தான். கணக்கு விழல."

முதல் வாரம் சவரிமுத்துவைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாம் வாரம் தில்லைநாயகம் வந்தார். டைல்ஸ் கடை வைத்திருந்தவர், தரையைப் பார்த்தபடியே பேசுவார்.

"ரெஜினாம்மா, தப்பா எடுத்துக்காத. ஆய்வுக்கு வந்தா, பூங்காவுக்குள்ள ஒருத்தர் கட்டில் போட்டுப் படுத்திருக்காருன்னு எழுதுவாங்க. பூங்காவே இல்லன்னு ஆயிடும். பெறகு நகர்ல ஒருத்தருக்கும் வீடு கட்ட அனுமதி கெடைக்காது."

"அப்பாவ அந்தப் படியில எப்படி சார் ஏத்துறது?"

"நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பாத்தோம், போன வருஷம், ஒரு பீரோவ. ஏறல." காலால் தரையில் ஒரு விரிசலைத் தடவினார். "விதிப் புத்தகம் தர்றேன். படிச்சுப் பாரு. அடுத்த வியாழன் வரைக்கும் நான் இந்தப் பக்கம் பாக்கல."

அந்த வியாழனுக்குள் வழி கிடைக்காவிட்டால் அப்பாவை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பகத்தில் விட வேண்டியிருக்கும். அங்கே தொலைபேசியில் பேசியும் விட்டாள். கட்டில் காலியாக இருக்கிறது என்றார்கள். சவரிமுத்துவிடம் சொன்னபோது, "சரி" என்றார். அன்று அவர் யாருடைய சுற்றையும் எண்ணவில்லை.

ரெஜினா மதிய இடைவேளைகளில் விதிப் புத்தகத்தை வாசித்தாள். பூங்கா மூடிய பிறகும் உள்ளே இருக்கத் தகுதியானவை என்று நான்கைக் குறிப்பிட்டிருந்தது: இருக்கை, ஊஞ்சல், விளக்குக் கம்பம், மரம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"பெஞ்சுன்னா மூணு பேர் உக்காருவான். தாங்காது. ஊஞ்சல் வேணாம், எனக்குத் தலை சுத்தும்."

"கம்பம்?"

"முப்பத்தொரு வருஷம் கம்பத்துல ஏறியிருக்கேன். எவனாவது ஏணியோட வந்துடுவான். வேற என்ன இருக்கு?"

"மரம்."

சவரிமுத்து யோசித்தார். "மரத்துக்கு என் மேல கோவம் இருக்கும். எத்தன கெளைய வெட்டியிருக்கேன், கம்பியில ஒரசுதுன்னு. சரி, எழுது."

மரமாகப் பதிவு செய்ய ஒரு விண்ணப்பம் இருந்தது. மூன்று ஆண்டுகள் இடம் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. அப்பா படுக்கையில் விழுந்த தேதியை ரெஜினா கணக்கிட்டுப் பார்த்தாள். இரண்டு வருடம், பதினொரு மாதம், இருபத்து நான்கு நாள். அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தில்லைநாயகம் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷம்னு போட்டிருக்கலாம்லம்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

"இல்லையே சார். இன்னும் ஆகலையே."

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "செவ்வாயோட ஆயிடுது. புதன்கிழமை ஆய்வு வச்சுக்கலாம்."

புதன்கிழமை மரங்களைக் கணக்கெடுப்பவர் டேப்புடன் வந்தார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். மரம் படுத்திருந்ததால் பாதத்திலிருந்து நாலரை அடி அளந்து, அங்கே சுற்றி எடுத்தார். எண்பத்தொன்பது சென்டிமீட்டர்.

"இலை?"

"எல்லாம் உதிர்ந்துடுச்சு தம்பி," சவரிமுத்து இடது கையால் தலையைத் தடவிக் காட்டினார்.

"பருவத்துலயா, நோயாலயா?"

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். வழி வழியா வர்றது."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு ரெஜினாவின் பக்கம் திரும்பினார். "நிழல் தருமா? யாராவது இதோட நிழல்ல இருந்திருக்காங்களா? இருந்தா பேர் வேணும்."

ரெஜினா தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். கல்லூரிக் கட்டணம் கட்ட வெயிலில் வரிசையில் நின்ற நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. மின்வாரியத்துக் காக்கிச் சட்டையோடு அப்பா கிழக்குப் பக்கமாக வந்து நின்றுகொண்டார். இரண்டு மணி நேரம். அவர் எதற்காக அந்தப் பக்கம் மாறி நின்றார் என்று அவள் அன்று கேட்கவில்லை.

"நான் இருந்திருக்கேன்," என்றாள். "என் பேர எழுதிக்குங்க."

மரத்தின் எண் இருபத்தேழு. தகரத் தகட்டை ஆணி அடித்து மாட்டுவது வழக்கம். அதற்குப் புதிய விதி தடை போட்டிருந்ததால் நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டினார்கள். இனி அவரை அகற்ற வேண்டுமானால் மாவட்டக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். காப்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் கிளை கழிக்க வந்து, அவருக்கு நகம் வெட்டி, முகம் மழித்துவிட்டுப் போனார்கள். "கம்பியிலேர்ந்து தள்ளி வெட்டுறான் பாரு, நல்ல பையன்," என்றார் சவரிமுத்து.

ஆனால் அதுவரை ராத்திரியில் அவள் உள்ளே இருந்ததைக் கண்டும் காணாமல் விட்டவர்கள், இனி எட்டு மணிக்கு விசில் ஊதியதும் ரெஜினா வெளியே போக வேண்டும் என்றார்கள். மரம் உள்ளே இருக்கலாம்; மகளும் இருக்கலாம் என்று எங்கும் எழுதவில்லை. சொம்பில் தண்ணீர் ஊற்றி இடது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போவாள். காலை ஐந்து மணிக்கு வரும்போது பெரும்பாலும் சொம்பு கவிழ்ந்திருக்கும். பத்தாம் நாள் முதுகில் ஒரு புண் கண்டது.

மறுபடியும் விதிப் புத்தகத்தை எடுத்தாள். மரங்களுக்கு இரவில் நீர் ஊற்றத் தோட்டக்காரர் ஒருவரை நியமிக்கலாம். அவர் மூடிய பிறகும் உள்ளே தங்கலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது.

"சர்டிபிகேட்ட நீ காட்டல, நான் கேக்கல," என்றார் தில்லைநாயகம்.

"நான் படிச்சது உங்களுக்குத் தெரியும்ல சார். இந்தத் தெருவோட முதல் பட்டதாரின்னு சங்கத்துலேர்ந்து ஃப்ளெக்ஸ் வச்சீங்களே."

"பெருசாத்தான் வச்சோம்," என்று ஒப்புக்கொண்டார் அவர்.

சவரிமுத்துவுக்கு அது சிரிப்பாக இருந்தது. "எட்டோட நிறுத்தியிருந்தா தோட்டக்காரி ஆயிருப்ப. நான்தான் படி படின்னு உசுர வாங்கிட்டேன்." கொஞ்சம் கழித்து வேறு குரலில், "அதுக்காகப் படிக்கலன்னு மட்டும் எழுதிடாத ரெஜி," என்றார்.

"எழுத மாட்டேன்ப்பா."

அன்று வேலை முடிந்து ஆறரை மணிக்கு வந்தாள். புண்ணுக்கு மருந்து போட்டாள். டிபன் பாக்ஸில் வாங்கி வந்த இட்லியைப் பிட்டு ஊட்டினாள். நடப்பவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குணவதி கடைசிச் சுற்றை முடித்து, எண்ணிக்கை கேட்காமல் போனார். எட்டு மணிக்கு விசில் ஊதினார்கள். ரெஜினா கட்டிலின் ஓரத்தில் கால்களை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

விசில் ஊதிய காவலாளி உள்ளே வந்து பார்த்துவிட்டுச் செயலாளருக்குச் சொல்லி அனுப்பினார். தில்லைநாயகம் டார்ச்சுடன் வந்தார். முதலில் தரையில் வெளிச்சம் அடித்தார். பிறகு கட்டில் பக்கம் ஒருமுறை உயர்த்திவிட்டுச் சட்டென்று தாழ்த்தினார்.

"எப்ப வந்து அடைஞ்சுது?" என்று காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார்.

"பொழுது சாயறப்ப சார்."

"வெளிச்சம் அடிக்காத. விசிலும் இனிமே வாசல்லயே ஊது, உள்ள வேணாம். மரத்துல அடைஞ்சத விரட்டினா தண்டனை உண்டு."

இருவரும் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

என்னிடம் சொன்னவர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செங்கமல நகருக்குப் போனேன். பதிவேடுகள் மாடி அறையில் இருக்கின்றன, கேட்டால் காட்டுகிறார்கள். பூங்கா இந்த ஆண்டு மனை எண் பதினாறுக்குப் போய்விட்டது. மரம் எண் இருபத்தேழு ஒன்பதிலேயே இருக்கிறது. அதில் உள்ள கூடு தலைமாட்டில் என்று அவர் எனக்குச் சொன்னது தவறு. கால்மாட்டில் என்றுதான் பறவைக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. பறவை: ஒன்று. காலை ஏழு மணிக்குப் போகிறது, மாலை ஆறரைக்குத் திரும்புகிறது. இரவில் மூன்று முறை இறக்கை அடிக்கும் சத்தம் கேட்கிறது. வலசை போவதில்லை.